மூன்று குரலும் ஒரே உயரத்தில்: மஹோட்டெல்லா குவீன்ஸுக்கு ஒரு ஸ்டிக்கர்

தனிப் பாடகி ஒருவருக்கு ஸ்டிக்கர் செய்வது சுலபம். முகத்தை நடுவில் வைத்து, பெயரைக் கீழே வளைத்துப் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும். சேர்ந்து பாடும் பெண்கள் குழுவுக்கும் அதே அச்சை எடுத்தால் காரியம் கெட்டுவிடுகிறது. ஒருவர் நடுவில் பெரிதாக நிற்பார்; மற்றவர்கள் பின்பாட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஓரத்தில் ஒதுங்கிவிடுவார்கள். தென்னாப்பிரிக்கப் பெண்கள் பாடல் குழுவான மஹோட்டெல்லா குவீன்ஸுக்கு அப்படி ஒன்றைச் செய்தால், அவர்கள் பாட்டையே தப்பாகக் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

அந்தப் பாட்டின் கட்டுமானத்தை முதலில் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1964-இல் ஜோகன்னஸ்பர்க்கில், காலோ ரெக்கார்ட்ஸின் கிளையான மாவுதேலாவுக்காகத் தயாரிப்பாளர் ரூப்பர்ட் போபாபே சேர்த்த குழு இது. தொடக்க காலத்தில் பெரும்பாலும் ஐந்து பெண்கள். ஹில்டா ட்லூபாட்லா ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். மற்ற குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தது போல, இடைவெளி விடாமல் பதில் சொல்லும். அடியில் மஹ்லாதினி என்று பெயர் பெற்ற சைமன் ன்காபிண்டேயின் கரகரத்த அடித்தொண்டைக் குரல். அதற்கும் பின்னால் மக்கோனா ட்சோஹ்லே பேண்ட்: மார்க்ஸ் மன்க்வானேயின் மேல்ஸ்தாயி கிடார், ஜோசப் மக்வேலாவின் கனத்த பேஸ். இந்தத் தென்னாப்பிரிக்க நடன இசைக்குப் பெயர்தான் ம்பகங்கா. 1980களின் பிற்பாதியில் உலக மேடைகளில் நின்றது மூன்று பேர்: ஹில்டா, நோபெசுது ம்பாடு, மில்ட்ரெட் மங்க்ஸோலா. நெல்சன் மண்டேலாவின் 70வது பிறந்தநாளுக்காக 1988 ஜூனில் லண்டன் வெம்ப்ளியில் நடந்த நிகழ்ச்சியிலும் அவர்கள் மஹ்லாதினியோடு பாடினார்கள்.

டர்பனில் இந்தியர்கள் குடியமர்த்தப்பட்ட பகுதியான சாட்ஸ்வர்த்தின் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஓசை அந்நியமானதல்ல. தெற்கே உம்லாஸ் ஆற்றைத் தாண்டினால் கறுப்பின மக்களின் உம்லாசி. இனவாரியாக வீடு பிரித்துக் கொடுத்த சட்டம் இரண்டு ஊரையும் தனித்தனியாக வைத்தது. ரேடியோவில் வந்த பாட்டை அந்தச் சட்டத்தால் பிரித்துவைக்க முடியவில்லை. கிடார் பெட்டியிலும் பக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டியின் பின்கதவிலும் இந்தப் பெண்களின் உருவம் ஒட்டப்படுகிறதென்றால், அது வெயிலிலும் மழையிலும் நிற்கிற ஸ்டிக்கராக இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வெளுத்துச் சுருண்டுபோவதை ஒட்டாமலே இருக்கலாம்.

ஐந்தா, மூன்றா

வரையத் தொடங்கும் முன் எத்தனை பேர் என்று முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் அளவு அதைப் பொறுத்தது. 58 மில்லிமீட்டர் வட்டத்தில் மூன்று தலை தாராளமாக நிற்கும். ஐந்தைத் திணித்தால் ஒவ்வொரு முகமும் 10 மில்லிமீட்டருக்குக் கீழே போய், கண்ணும் வாயும் புள்ளியாகிவிடும். ஐவர் வேண்டுமென்றால் 150க்கு 50 மில்லிமீட்டர் நீளப் பட்டைதான் சரி. அது வண்டியின் பின்கண்ணாடிக் கீழ் ஓரத்துக்கும் பொருந்தும்.

58 என்ற எண்ணை ஒரு கணக்கோடுதான் சொல்கிறேன். ஏ4 தாளில் 75 மில்லிமீட்டர் வட்டம் 6 தான் வரும். 58 என்றால், நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அகலத்தில் 3, நீளத்தில் 4, ஆக 12. படத்தின் ஓரத்தைப் பின்பற்றி ஸ்டிக்கரை வெட்டும் மெஷின் படிக்கிற மூலைக் குறிகளுக்கும் இடம் மிஞ்சும். படத்தை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், வையுங்கள்: 58 மில்லிமீட்டருக்குச் சுமார் 685 பிக்சல். சுற்றிலும் 2 மில்லிமீட்டர் வெள்ளை ஓரம் இருக்கட்டும். வெள்ளை ஓரம் வேண்டாம், நிறம் விளிம்பு வரை போக வேண்டும் என்றால், படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் நீட்டி வரையுங்கள். இல்லாவிட்டால் மெஷின் அரை மில்லிமீட்டர் தவறினாலும் ஒரு பக்கம் வெள்ளைப் பிறை தெரியும்.

உருவத்துக்கு வருவோம். ஜூலு மணமான பெண்கள் அணியும் இசிகோலோ தொப்பி நெற்றியில் ஒடுங்கி மேலே தட்டாக விரியும். மூன்று இசிகோலோக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விளிம்புகள் ஒன்றையொன்று தொடும். அந்தத் தொடுதலை விட்டுவிடாதீர்கள். தொப்பிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும், மூன்று நெற்றியும் ஒரே கோட்டில் இருக்கட்டும். அப்போது வெளிக்கோடு மூன்று தனி ஆட்களாகப் பிரியாமல் ஒரே அலையாக ஓடும். முகம் வரையாமல் நிழலுருவாக விட்டால்கூடப் பத்தடி தூரத்திலிருந்து யாரென்று தெரியும். கீழே 7 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டை போடுங்கள். மஹ்லாதினியின் குரல் இருக்கும் இடம் அது; பெயர் எழுதவும் அதுவே தளமாகும்.

தொப்பியில் வரும் மணிகளை ஒவ்வொன்றாக வரைய ஆசை வரும். 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளி, பசையுள்ள பிளாஸ்டிக் தாளான வைனிலில், மை கலந்து ஒரே பூச்சாகிவிடும். வரிசைகளாக, 1.5 மில்லிமீட்டர் பட்டைகளாக வரையுங்கள். இன்னொன்று: தடித்த கறுப்புக் கோடுகளால் கட்டம் கட்டிய ன்டெபெலே சுவரோவிய வடிவங்களை எடுத்து, அழகாக இருக்கிறதே என்று ஜூலு தொப்பியில் ஒட்டிவிடாதீர்கள். இரண்டும் வேறு மக்களுடையவை. இங்கே யாரும் அதைக் கவனிக்காமல் போக மாட்டார்கள்.

படத்தின் உரிமையையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. இசைத்தட்டு உறையையோ மேடைப் புகைப்படத்தையோ அப்படியே எடுத்து அச்சிடக்கூடாது. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டு 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. பாடல் வரிகளுக்கும் உண்டு. பல படங்களைப் பார்த்து, எதையும் தடம் எடுக்காமல், சொந்தக் கோட்டில் வரையுங்கள். நண்பர்களுக்குக் கொடுப்பதோடு நிற்காமல் விற்கப் போகிறீர்கள் என்றால், குழுவின் பெயரைப் போட அவர்கள் தரப்பில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இந்தப் பெண்கள் பாடியே சம்பாதித்த பெயர் அது.

முகத்தின் நிறம்

பெரும்பாலான ஸ்டிக்கர்கள் தோற்பது இங்கேதான். திரையில் அழகாகத் தெரிந்த கறுத்த தோல், தாளில் வந்ததும் நிலக்கரி போலாகிவிடும். மூக்கும் கன்னமும் மறைந்துவிடும். காரணம், நிழலுக்கு அளவுக்கு மீறிக் கறுப்பு மையைச் சேர்ப்பது. வைனில் காகிதத்தைப் போல மையை உறிஞ்சாது. நான்கு நிறமும் அதிகமாகக் கொட்டினால் மேலேயே தேங்கி, காயாமல், தொட்டால் கையோடு வரும்.

முகத்துக்கு மூன்று பழுப்பு போதும். எண்கள் எல்லாம் மையின் சதவீதம், இதே வரிசையில். அடிநிறம்: சயான் 40, மெஜந்தா 65, மஞ்சள் 75, கறுப்பு 40. ஒளி விழும் கன்னம், நெற்றி, மூக்குத்தண்டு: 20, 50, 65, 10. நிழல்: 55, 70, 70, 65. மூன்றில் எதிலும் மொத்தம் 260-ஐத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். முகம் உயிர்பெறுவது ஒளிப் பகுதியில்தான். நிழலை இன்னும் ஆழமாக்குவதால் ஒன்றும் வந்துவிடாது. மூன்று பேருக்கும் ஒரே பழுப்பைக் கொடுக்காமல் அடிநிறத்தில் மஞ்சளையும் மெஜந்தாவையும் 5 புள்ளி மாற்றினால் மூவரும் மூன்று மனிதர்களாவார்கள். தொப்பியின் செம்மண் சிவப்புக்கு 20, 85, 90, 15.

வீட்டு இன்க்ஜெட் பிரிண்டர் தன் கணக்கில் நிறத்தை மாற்றிக்கொள்ளும். அதனால் முழுத் தாளையும் அச்சிடும் முன், அதே வைனிலின் ஒரு துண்டில் பழுப்புக் கட்டங்கள் ஐந்தாறு அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்து முடிவெடுத்தால் முகம் சிவந்தோ பச்சை பாய்ந்தோ போகும். பிரிண்டர் அமைப்பில் தாள் வகையை மேட் போட்டோ பேப்பர் என்று வையுங்கள். சாதாரணக் காகிதம் என்று விட்டால் கோடு கோடாக வெளிறி வரும். மிக உயர்ந்த பளபளப்புத் தாள் என்று வைத்தால் மை தேங்கும்.

கடையில் வைனில் வாங்கும்போது இன்க்ஜெட்டுக்கா, லேசருக்கா என்று கேட்டு வாங்குங்கள். இன்க்ஜெட் வைனிலை லேசர் பிரிண்டரில் விட்டால் உள்ளே இருக்கும் சூட்டு உருளையில் இளகி ஒட்டிக்கொள்ளும், பிரிண்டரே போய்விடும். மையும் முக்கியம். சாய மை பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயிலில் வழக்கமாக மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் வெளுத்து, பழுப்பு முகம் சாம்பல் நீலமாகிவிடும். இந்தப் பெண்களின் முகத்துக்கு அது நேரக்கூடாது. நிறமி மை சற்று மங்கலாகத் தெரிந்தாலும் நிற்கும்.

தமிழில் பெயர்

மஹோட்டெல்லா குவீன்ஸ் என்று தமிழில் எழுதி வெட்டுவது சின்ன வேலை போலத் தெரியும். உண்மையில் இந்த ஸ்டிக்கரில் அதிகம் நேரம் பிடிப்பது அதுதான். வெட்டும் மெஷினோடு வரும் மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் தட்டினால், ஹோ-வின் கொம்பு ஹ-வுக்கு முன்னால் போகாது, டெ-யும் அப்படித்தான். இங்க்ஸ்கேப்பில் எழுதினால் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் தடித்த வகையை எடுங்கள். எழுதி முடித்ததும் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதிகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள். இணைக்காமல் விட்டால், கொம்பும் எழுத்தும் சேரும் இடத்தில் பிளேடு குறுக்கே வெட்டிப் போகும்.

பிறகு புள்ளிகள். இந்தப் பெயரில் நான்கு: ட், ல், ன், ஸ். 10 மில்லிமீட்டர் உயர எழுத்தில் புள்ளி ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். அவ்வளவு சிறிய துண்டுக்கு அடியில் இருக்கும் பசை போதாது. சுற்றியுள்ள கழிவை உரிக்கும்போது அதுவும் கூடவே எழுந்துவிடும். புள்ளி போனால் பெயர் மஹோடடெலலா ஆகிவிடும். நான்கையும் தனியே தேர்ந்தெடுத்து 2 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள். வளையமாக இல்லாமல் நிரப்பிய வட்டமாக இருக்கட்டும். எழுத்திலிருந்து 1 மில்லிமீட்டராவது தள்ளி நிற்கட்டும். 7 மில்லிமீட்டர் பட்டைக்குள் வெட்டிய எழுத்து அடங்காது. வட்ட ஸ்டிக்கரில் பெயரை அச்சிட்டுவிடுங்கள். வெட்டிய எழுத்தைப் பெரிய வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுக்கு வைனில்

அச்சே இல்லாமல், நிற வைனில்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவது இரண்டாவது வழி. வண்டிக்கும் கிடார் பெட்டிக்கும் இதுதான் என் தேர்வு. நிறம் மையில் இல்லாமல் வைனிலிலேயே இருப்பதால் நீண்ட நாள் நிற்கும். அதோடு, குரல் அடுக்கி வரும் பாட்டுக்கு அடுக்கி வரும் ஸ்டிக்கர் இயல்பாகவே பொருந்துகிறது. 150 மில்லிமீட்டர் அகல மூவர் உருவத்துக்கு நான்கு அடுக்கு: முதலில் முழு வெளிக்கோடும் கீழ்ப்பட்டையும் கறுப்பில், அதன்மேல் செம்மண் நிறத்தில் மூன்று தொப்பி, மேலே மஞ்சள் மணிப்பட்டை, கடைசியில் வெள்ளை எழுத்து. இந்த அளவில் கீழ்ப்பட்டையை 18 மில்லிமீட்டருக்கு வைத்தால் 10 மில்லிமீட்டர் எழுத்து மூச்சுவிடும்.

நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் முட்டவைக்காதீர்கள். மேலடுக்கு கீழடுக்கின்மேல் குறைந்தது 1 மில்லிமீட்டர் ஏற வேண்டும். உருளைகளுக்கிடையே நசுக்கி இழுத்துச் செய்யும் காலண்டர் வைனில், சூடு பட்டால் தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். முட்டவைத்த இடத்தில் இடைவெளி திறந்து, பசை வெளியே தெரிந்து, தூசி பிடித்துக் கறுப்புக் கோடாகிவிடும். காஸ்ட் வைனில் திரவமாக ஊற்றிச் செய்வது, அதனால் சுருக்கம் மிகக் குறைவு, விலை அதிகம். தட்டையான பெட்டிக்குக் காலண்டர் போதும். வளைந்த பம்பருக்குக் காஸ்ட் வாங்கத்தான் வேண்டும்.

வெட்டுவதற்கு முன் அதே தாளின் ஓரத்தில் 1 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டிப் பாருங்கள். சதுரம் சுத்தமாக எழ வேண்டும். பின்தாளில் நகத்தால் கீறியது போல மெல்லிய தடம் மட்டும் இருக்கலாம். தாள் கிழிந்திருந்தால் பிளேடு ஆழம் அதிகம். மூலைகள் சேராமல் வாய் பிளந்திருந்தால் அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. பிளேடின் நுனி மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் விலகல் எண்ணைத்தான் திருத்த வேண்டும், வழக்கமாக அது 0.25 மில்லிமீட்டர். எழுத்து அடுக்குக்கு வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். மின்சாரம் நடுவில் போனால் மெஷின் தொடக்கப் புள்ளியை மறந்துவிடும், விட்ட இடத்திலிருந்து தொடராது, அந்தத் தாள் வீண். லோட்ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் எல்லோரும் கற்ற பாடம் இது. சிறிய பேட்டரி யூபிஎஸ் ஒன்று இருந்தால் போதும்.

வெட்டியவுடனே களையெடுங்கள், அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வைனிலை உரித்துவிடுங்கள். டர்பன் ஜனவரியில் அறை வெப்பத்துக்கே பசை இளகி வெட்டுக்கோட்டுக்குள் திரும்ப வழியும். மறுநாள் காலை உரித்தால் எழுத்தும் கூடவே வரும். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைக்கும் யோசனை வறண்ட ஊருக்குச் சரி. இங்கே வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்துவிடும். கழிவை மேல்நோக்கித் தூக்காமல், மூலையிலிருந்து குறுக்காக, தாளோடு ஒட்டி மடித்தபடி பின்னோக்கி இழுங்கள்.

அடுக்குகளைப் பொருத்தத்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் உருவத்துக்கு வெளியே இடமும் வலமும் 6 மில்லிமீட்டர் முக்கோணம் ஒன்று, ஒரே இடத்தில் வையுங்கள். கறுப்பு அடுக்கு தட்டையாக இருக்கட்டும். அதன்மேல் கேக் செய்யப் போடும் பேக்கிங் பேப்பரை விரித்து, இடது முக்கோணம் மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். இரண்டாம் அடுக்கை, வெட்டிய துண்டுகளைக் கலையாமல் தூக்கும் டிரான்ஸ்ஃபர் டேப்பில் எடுத்து மேலே வையுங்கள். பேப்பர் இருப்பதால் ஒட்டாது, நகர்த்தலாம். இரண்டு முக்கோணமும் சரியாக மேலமர்ந்ததும் இடது ஓரத்தை அழுத்திப் பிடித்து, பேப்பரை வலப்பக்கமாக மெல்ல உருவிக்கொண்டே ஸ்க்வீஜி எனும் தட்டையான தேய்ப்பானால் தேயுங்கள். அரை மில்லிமீட்டர் விலகல் தொப்பியில் தெரியாது. 3 மில்லிமீட்டர் மணிப்பட்டையில் சுருதி விலகியது போல உடனே கண்ணில் குத்தும். கடைசியில் முக்கோணங்களை உரித்துவிடுங்கள்.

ஈரம், உப்பு, வெயில்

அச்சிட்ட வைனிலை ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகுதான் லேமினேஷன் ஒட்ட வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள். ஈரம் உள்ளே மாட்டினால் ஒரு வாரம் கழித்து வெள்ளிப் பொடி தூவியது போலக் குமிழ் கிளம்பும். புற ஊதாத் தடுப்புள்ள, சூடு இல்லாமல் ஒட்டும் குளிர் லேமினேஷன் வாங்குங்கள். பளபளப்பான லேமினேஷன் மூலைக் குறிகளின்மேல் வந்தால் மெஷினின் கண் கூசிக் குறியைத் தேடிக்கொண்டே இருக்கும். குறிகளின்மேல் மங்கலான ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டினால் படித்துவிடும். வெட்டுக்கோட்டில் கூர்மூலை எங்குமே வேண்டாம், 3 மில்லிமீட்டராவது வளையுங்கள். தொப்பிகள் தொடும் குழிவிலும்கூட. நகம் மாட்டும் இடத்தில்தான் ஸ்டிக்கர் எழத் தொடங்கும்.

ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லி எங்கும் எழுதியிருக்கும். கடற்கரை ஓரத்தில் நிற்கும் வண்டிக்கு அது மட்டும் போதாது. உப்புப் படலம் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிறகு ஆல்கஹால். ஒட்டிய பின் மூன்று நாள் கழுவ வேண்டாம்.

எதில் ஒட்டக்கூடாது என்றும் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் டிபன் டப்பா, கூல்பாக்ஸ் இரண்டும் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். சாதாரணப் பசை அதில் பிடிக்காது, ஓரத்திலிருந்து கிளம்பும்; அதிக ஒட்டுத்திறன் உள்ள வைனில் தனியாக வாங்க வேண்டும். பழைய கிடாரின் மேல் ஒட்டவே ஒட்டாதீர்கள். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சாக இருந்தால் வைனிலில் இருக்கும் மென்மையாக்கி அதைத் தின்றுவிடும். ஸ்டிக்கரை எடுத்தாலும் தடம் போகாது. பெட்டியில் ஒட்டுங்கள். பக்கியின் பின்கதவுக்குப் புதிதாக பெயிண்ட் அடித்திருந்தால் அடித்தவரிடம் கேட்டு, அது முழுதாகக் காயும்வரை சில வாரம் பொறுங்கள்.

கொடுக்கும் முன் வெயில் சோதனை ஒன்று பாக்கி. ஊரிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வரும் கட்டுரைகள் தெற்குச் சுவரில் வைக்கச் சொல்லும். நாம் பூமத்திய ரேகைக்குக் கீழே இருக்கிறோம். டர்பனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்குப் பக்கம்தான். வடக்கு பார்த்த வெளிச்சுவரிலோ கேட்டிலோ, ஒரு தகரத் துண்டில் ஸ்டிக்கரை ஒட்டி, மூன்று முகங்களையும் பாதியாக மறைக்கும்படி அலுமினியத் தாளைக் குறுக்கே கட்டி, ஆறு வாரம் விடுங்கள். தாளை எடுத்ததும் முதலில் கன்னத்தின் ஒளிப் பகுதியைப் பாருங்கள். மறைத்த பாதிக்கும் மறைக்காத பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால் மையை மாற்ற வேண்டும்.